முயல் கடித்தது இரண்டு

அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கம்பியக்கா என்றால்தான் தெரியும். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர் என்று சிலர் நினைத்திருந்தார்கள். அது தவறு. ஆரஞ்சுத் தோட்டத்தைச் சுற்றியிருந்த கம்பி வேலி அவள் பொறுப்பில் இருந்தது. பெயர் அதனால் வந்தது. வேலியின் நீளம் மூவாயிரத்து நூற்று நாற்பத்து நான்கு மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம். ஒவ்வொரு கம்பத்திலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதியிருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, இடுப்பில் குறடும் தோளில் கம்பிச் சுருளுமாக அவள் முழுச் சுற்றும் நடப்பாள். இருபத்திரண்டு வருடம் நடந்தாள்.

"நானூத்திப் பதினேழுல கம்பி தளர்ந்திருக்கு" என்பாள், பக்கத்து வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று சொல்வதுபோல.

அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். இங்கே வரும் எண்கள் பதிவேட்டில் இருப்பவை. அவள் வீட்டில் நடந்தவை அவளும் அவளுடைய நாத்தனாரும் பிறகு தனித்தனியே சொன்னவை. இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு ஆறாம் பாத்தியிலிருந்து ஆள் ஓடிவந்தது. மூன்று வயதுக் கன்றுகள் நாற்பத்து மூன்று கடிபட்டிருந்தன. பெரும்பாலானவற்றில் பட்டை சுற்றிலும் உரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளை மரம் தெரிந்தது. அப்படிச் சுற்றுப்பட்டை போன கன்று பிழைக்காது.

மேலாளர் அளவு நாடாவோடு போனார். முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர், ஆனால் முடிவுக்கு வருவதில் கொஞ்சம் அவசரம். கன்றுகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சாக்குத் துணி சுற்றிக் கட்டியிருக்கும். துணியில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டை உரிந்த இடமெல்லாம் அதற்கு மேலேதான், தரையிலிருந்து இருபத்து நான்கு முதல் முப்பத்தேழு சென்டிமீட்டர் வரை.

"எலி நிமிர்ந்து நின்னா ஒரு சாண் உயரம். அதுக்கு இது எட்டாது. மரத்துல ஏறிக் கடிச்சிருந்தா கிளையையும் கடிச்சிருக்கும். இது காட்டு முயல். பின்னங்கால்ல நின்னு கடிச்சிருக்கு" என்றார்.

கம்பியக்கா பின்னால் நின்றிருந்தாள்.

"சார், முயல் உள்ள வரணும்னா வேலியைத் தாண்டி வரணும்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

மேலாளர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னார். பதினோரு மணிக்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை ஆய்வாளர் எப்படியும் காலாண்டு ஆய்வுக்கு வருகிறார், இதையும் பார்ப்பார். வெளியிலிருந்து வந்த விலங்குதான் கன்றுகளைக் கடித்தது என்றால், வேலிப் பணியாளை நிறுத்திவிட்டு, மின்வேலி போடும் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். மேலாளர் அதை என்னிடம் எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு அவளைக் கூப்பிட்டு அவரே படித்துக் காட்டினார்.

அவள் கேட்டு முடித்து, "இன்னும் நாலு நாள் இருக்கா?" என்றாள்.

"இன்னைக்கோட சேர்த்து நாலு."

"போதும் சார்."

மத்தியானமே ஆறாம் பாத்திக்குப் போய், வெட்டி எறியப் போட்டிருந்த கன்று ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் வீடு தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு அறை. முன்னறையில் பாதி இடத்தை அவள் கணவரின் சைக்கிள் பழுதுபார்க்கும் சாமான்கள் பிடித்துக்கொண்டிருக்கும். நாத்தனாரும் அவர்களோடுதான் இருந்தாள். கணவருக்குத் தங்கை, அவளும் தோட்டத்தில்தான் வேலை. கன்றுகளைச் சுற்றி வெயிலுக்கு வைக்கோல் மூடாக்குப் போடும் எட்டுப் பெண்களில் அவள்தான் தலைவி. வாய்க்குப் பூட்டு கிடையாது.

மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். கம்பியக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தாள். வேலி ஓரத்தில் கிடைத்ததையெல்லாம் அதில் போட்டுவைப்பாள். அதில் இரண்டு மண்டையோடுகள் இருந்தன. ஒன்று முயலுடையது, ஏழு வருடத்துக்கு முன் எண்பத்தெட்டாம் கம்பத்தடியில் கிடைத்தது. மற்றது கிடங்கு எலியுடையது. இரண்டையும் கழுவி, புதிதாக வாங்கிய துணிச் சோப்புக் கட்டியை எடுத்து, முதலில் எலியின் முன்பல்லை அதில் அழுத்தி இழுத்தாள். அடுத்து முயலின் பல்.

நாத்தனார் வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணி, நாளைக்கு அதே சோப்புலதான் என் ரவிக்கையைத் துவைக்கணும். ஞாபகம் இருக்கா?"

"வேற கட்டி வாங்கித் தர்றேன். கொஞ்சம் வாய மூடிட்டு வெளிச்சத்தை விட்டு நகரு."

"அண்ணா, உன் பொண்டாட்டி செத்த எலிக்குப் பல்லு விளக்கி விடுறா. வந்து பாரு."

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதிகம் பேசாதவர். சோப்பைத் திருப்பிப் பார்த்தார். எலிப் பல்லின் தடம் ஒடுக்கமாக, இரண்டு நகக்கீறல்போல இருந்தது. முயல் பல்லின் தடம் அகலம்; அது மட்டுமல்ல, ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் மெல்லிய வரப்பு ஒன்று எழுந்திருந்தது. முயலின் மேல்வரிசை முன்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. அதற்குப் பின்னால் ஒளிந்தாற்போல இன்னும் இரண்டு குட்டிப் பற்கள். எலிக்கு அந்தப் பள்ளமும் இல்லை, அந்தக் குட்டிப் பற்களும் இல்லை.

"கண்ணால பாத்தா மட்டும் போதாது. அளந்து காட்டணும்" என்றாள் அவள்.

கணவர் உள்ளே போய் ஒரு ஸ்போக் கம்பியைக் கொண்டுவந்தார். "இது சரியா ரெண்டு மில்லி. தடத்துல படுக்க வச்சுப் பாரு. உக்காந்தா முயல், உக்காரலன்னா எலி."

முயல் தடத்தில் ஸ்போக் உட்கார்ந்தது. எலித் தடத்தில் உட்காராமல் மேலே நின்றது. அவள் அந்தச் செத்த கன்றை மடியில் கிடத்தி, பட்டை உரிந்த இடத்தில் ஒவ்வொரு தடமாக வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு தடங்கள். ஒன்றில்கூட உட்காரவில்லை.

"எலிதான்" என்றாள். பிறகு, "ஆனா எப்படி அவ்வளவு மேல?" என்றாள்.

"அதுங்க எங்க வேணாலும் போகும் அண்ணி. ஆய்வுக்காகச் செவ்வாய்க்கிழமை வைக்கோலை வாரும்போது உள்ளிருந்து நாலஞ்சு ஓடுச்சு. ஒருத்தி பயத்துல என் முதுகுல ஏறிட்டா. இறங்குடின்னா இறங்க மாட்டேங்குறா..."

கம்பியக்கா நிமிர்ந்தாள். "வைக்கோல் எவ்வளவு உயரம் இருந்துச்சு?"

நாத்தனாரின் சிரிப்பு நின்றது.

"கேக்குறேன்ல?"

"முழங்கால்."

"ஒரு சாண்தானே போடணும்?"

"வண்டிக்காரன் கொண்டாந்து கொட்டிட்டுப் போறான். மிச்சத்தை யாரு திருப்பித் தூக்குறது? எட்டுப் பேருக்கு இருக்கிறது எட்டு இடுப்புதான்."

அங்கேதான் விஷயம் இருந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கும் முன்னால் வைக்கோலை வாரி எடுத்துவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். வருகிறவர் கண்ணுக்கு அடிமரம் பளிச்சென்று தெரிய வேண்டும், முடி வெட்டிய பிடரிபோல. எலிகள் வாரக் கணக்கில் வைக்கோலுக்குள் வசித்து, சாக்குத் துணிக்கு மேலே இருந்த பட்டையை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை இருட்டும் நேரத்தில் வைக்கோல் போயிற்று; புதன்கிழமை அந்தப் பாத்தியில் யாருக்கும் வேலை இல்லை. வியாழக்கிழமை மேலாளர் வெறுந்தரையில் நாடாவை வைத்து அளந்தார். எலி நின்ற தரையை நாங்களே அள்ளிக்கொண்டு போய்விட்டோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வைக்கோல் வாரிய தேதியை எழுதிய எனக்கும் தோன்றவில்லை.

"என்னையும் என் ஆளுங்களையும் மாட்டி விட்டுடாதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். இந்தத் தடவை விளையாட்டாகச் சொல்லவில்லை.

"உன் பேரை நான் சொல்ல மாட்டேன். வைக்கோல் இருந்துச்சுன்னு சொல்லாம இருக்கவும் மாட்டேன்."

நாத்தனார் அன்று சாப்பிடாமல் படுத்தாள் என்று அண்ணியும், சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன் என்று நாத்தனாரும் சொன்னார்கள். இது ஒன்றில்தான் இருவரும் ஒத்துப்போகவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கம்பியக்கா என்னை ஆறாம் பாத்திக்குக் கூட்டிப்போனாள். "ஐயா, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும். நான் எழுதினா என் பக்கம்னு சொல்வாங்க."

வைக்கோல் எதுவரை இருந்தது என்பதை மரமே காட்டியது. ஈர வைக்கோல் பட்டுக்கொண்டிருந்த இடம் வரை பட்டை கறுத்திருந்தது. அதற்கு மேல் வெளிர்ப்பச்சை. நடுவே நூல் பிடித்தாற்போலக் கோடு. முப்பத்தெட்டு, நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில். ஒவ்வொரு கன்றிலும் அவள் மூன்று எண்கள் சொன்னாள்: கடியின் அடி, கடியின் மேல், கறையின் கோடு. ஒரு கடிகூடக் கோட்டுக்கு மேலே போகவில்லை.

"முயல் கடிக்கிறதா இருந்தா கோட்டுக்கு மேலதான் கடிக்கும் ஐயா. அதுக்கு நாலு பக்கமும் பார்வை வேணும். வாயில பட்டை இருந்தாலும் காதும் கண்ணும் வெளியில இருக்கணும். வைக்கோலுக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கிற முயலை நான் பாத்ததே இல்ல. எலிக்குத் தலைக்கு மேல கூரை இருந்தாத்தான் பசியே எடுக்கும்."

இப்படி நாற்பத்தொன்று வரை சரியாக வந்தது. பாத்தியின் கிழக்கு ஓரத்தில் கடைசி இரண்டு கன்றுகள் வேறு மாதிரி இருந்தன. அவற்றில் பட்டை உரியவில்லை. பக்கவாட்டுத் துளிர்கள் கோட்டுக்கு மேலே, ஐம்பது சென்டிமீட்டரில், கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக அறுபட்டிருந்தன. வியாழக்கிழமை மேலாளர் இந்த இரண்டையும் அளக்காமலே, எண்ணும்போது எல்லாவற்றையும் ஒரே கடியாகச் சேர்த்துவிட்டார்.

அவள் அந்த வெட்டு முனையை விரலால் தடவினாள்.

"இது முயல்" என்றாள்.

நான் பேனாவை எடுத்தேன், எழுதாமல் காத்திருந்தேன்.

"எழுதுங்க ஐயா. ரெண்டு."

அங்கிருந்து நேராக வேலிக்குப் போனாள். அன்று வழக்கமான சுற்று நாள் இல்லை. ஒவ்வொரு கம்பத்தடியிலும் முழங்காலிட்டு, வலைக்கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். சாயங்காலம் நாலரைக்கு அலுவலகத்துக்கு வந்தபோது முழங்கால் இரண்டிலும் மண்.

"அறுநூத்திப் பன்னெண்டுல ஓட்டை. மழைத் தண்ணி வடியிற இடம். மண் அரிச்சுப் போயிருக்கு. நாலு விரல் உயரம், ஒரு சாண் அகலம். புல்லு மறைச்சிருந்துச்சு, நான் பாக்கல. என் தப்புதான். கம்பியில முயல் மயிரும் இருக்கு."

நாள், நேரம் போட்டு எழுதினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. ஓட்டையிலேர்ந்து நாப்பது அடி உள்ள, புல்லுல ஒரு குட்டி. என் கை அளவுதான். கண்ணை முழிச்சுப் பாத்துட்டே இருக்கு, அசையல."

எலிக்குட்டி பிறக்கும்போது மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது. குவியலாகக் கூட்டுக்குள் கிடக்கும். காட்டு முயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கிறது. அதற்குக் கூடும் இல்லை, வளையும் இல்லை. தாய் ஒரு நாளைக்கு ஒரு முறை, பொழுது சாயும்போது வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் அசையாமல் இருப்பது ஒன்றுதான் குட்டிக்குக் காவல். இதையெல்லாம் அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. வேலி ஓரத்தில் பார்த்தது.

"ஓட்டையை அடைச்சாச்சா?" என்று கேட்டேன்.

"அடைச்சா தாய் வெளிய, குட்டி உள்ள. ரெண்டு கன்னோட நுனியைத் தின்னதுக்கு அவ்வளவு பெரிய தண்டனையா? திறந்தே இருக்கட்டும். நான்தான் திறந்து வச்சிருக்கேன்னு எழுதுங்க."

அவள் வேலை அந்த ஒரு வரியில் போகக்கூடும் என்று சொன்னேன். அதற்கு அவள், "நாப்பத்தொண்ணு எலின்னு நான் சொல்றதை அவங்க நம்பணும்னா, ரெண்டு முயல்னு நானே சொல்லணும் ஐயா" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஆய்வாளர் வந்தார். ஐம்பது தாண்டிய பெண்மணி. ரப்பர் காலணி போட்டுக்கொண்டே வந்திருந்தார். அவர் கை கழுவப் போனபோது மேலாளர் கம்பியக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். சனிக்கிழமைப் பக்கத்தை அவர் படித்திருந்தார். தன் அளவு தவறு என்பதை மறைக்கவும் இல்லை.

"அம்மா, எலிதான்னு ஆயிடுச்சு. எனக்கும் சந்தோஷம். அந்த ஓட்டை விஷயத்தை மட்டும் இன்னைக்குப் பேச வேண்டாம். சாயங்காலம் அடைச்சிடுங்க. கேட்டா பாத்துக்கலாம்."

"சார், நீங்க எனக்கு நல்லதுதான் நினைக்கிறீங்க. ஆனா வேணாம்."

"உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி."

"இல்லன்னா மூவாயிரம் மீட்டரை இருபத்திரண்டு வருஷம் நடக்க முடியுமா சார்?"

ஆறாம் பாத்தியில் ஆய்வாளர் மண்ணில் முழங்காலிட்டார். கம்பியக்கா சோப்புக் கட்டியைத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தாள், பிறகு ஸ்போக்கை. கறையின் கோட்டைக் காட்டினாள். ஆய்வாளர் ஏழு கன்றுகளில் தன் கையால் வைத்துப் பார்த்தார்.

"கோடு இருக்கு. சரி. ஆனா அந்த வைக்கோலுக்குள்ள எலி இருந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? வாரினவங்க யாராவது பாத்தாங்களா?"

கம்பியக்கா நாத்தனாரின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆய்வாளர் காத்திருந்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். வாரிய ஆட்களின் பெயர்கள் என்னிடம் எழுத்தில் இருந்தன. ஆனால் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது எழுத்தில் இல்லை.

"நான் பாத்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாத்தனார் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கூடை. அவளுக்குப் பின்னால் ஏழு பெண்கள்.

"வழி விடுங்க சார். இது பூக்கூடை இல்ல, மோந்து பாக்காதீங்க."

கூடையைத் தரையில் கவிழ்த்தாள். பம்புசெட்டுக்குப் பின்னால், வாரிய வைக்கோலைப் போட்டிருந்த குவியலிலிருந்து எடுத்து வந்தது. கடித்துத் துணுக்காக்கிய வைக்கோலில் உருண்டையான கூடு ஒன்று, காலியாக. உள்ளே ஆரஞ்சுப் பட்டையின் நார். சுற்றிலும் இரண்டு முனையும் கூராக, நீளமாகப் புழுக்கை. கம்பியக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அதன் பக்கத்தில் கொட்டினாள்: ஓட்டையருகே பொறுக்கிய முயல் புழுக்கை, உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் உள்ளே புல்.

"முழங்கால் உயரம் போட்டது நாங்கதான் மேடம். சோம்பேறித்தனம். எட்டுப் பேரும் சேர்ந்துதான் போட்டோம், எட்டுப் பேரும் சேர்ந்துதான் வந்திருக்கோம்" என்றாள் நாத்தனார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, "புதுச் சோப்புக் கட்டியை மறந்துடாதீங்க" என்றாள்.

ஆய்வாளர் முதல் முறையாகச் சிரித்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "அப்போ வேலி நல்லா இருக்கு" என்று மேலாளரைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல மேடம்" என்றாள் கம்பியக்கா. "அறுநூத்திப் பன்னெண்டுக்கு வாங்க."

நாங்கள் எல்லோரும் நடந்தோம். ஓட்டையைக் காட்டினாள். கம்பியில் இருந்த மயிரைக் காட்டினாள். பத்து அடி தள்ளியே நிறுத்தி, குட்டி இருந்த இடத்தைக் குறட்டின் முனையால் சுட்டினாள். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, காய்ந்த புல்தான் தெரிந்தது. பிறகு அந்தப் புல்லில் ஒரு கண் தெரிந்தது.

"இது என் கணக்கு, மேடம். ரெண்டு கன்னுல நுனி போச்சு, துளிர்த்துடும். ஓட்டை என் கவனக்குறைவு. ஆனா குட்டி தானா போற வரைக்கும் இதை அடைக்க மாட்டேன். தினமும் ரெண்டு தடவை வந்து பாத்துக்கறேன். அந்த ரெண்டு கன்னைச் சுத்தி இன்னைக்கே தனியா வலை கட்டிடறேன்."

ஆய்வாளர் என்னிடம் பதிவேட்டை வாங்கிச் சனிக்கிழமைப் பக்கத்தைப் படித்து, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. மூடாக்கு இனி ஒரு சாண் உயரத்துக்கு மேல் கூடாது. மரத்திலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போட வேண்டும். ஆய்வுக்காக அதை வாரக் கூடாது. எலிப் பொறிகள் அறுபது அனுப்பப்படும். அறுநூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்து ஓட்டைக்காக வேலிப் பணியாளுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. வேலிப் பொறுப்பில் மாற்றம் இல்லை.

எச்சரிக்கை வரியை மட்டும் கம்பியக்கா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அன்று சுற்று நாள்.

ஓட்டையைக் கண்ட நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலை மறுபடி வந்தாள். மூன்று நாளாகப் புல் காலியாக இருந்ததாம். நிச்சயப்படுத்திக்கொள்ள முந்தின நாள் ஓட்டை வாயில் சாம்பல் தூவி வைத்திருந்தாள். அதில் எந்தத் தடமும் இல்லை. கல் வைத்து, மண் இட்டு, வலைக்கம்பியை ஒரு முழ ஆழம் இறக்கிக் கட்டியிருந்தாள். நானும் போய்ப் பார்த்தேன். கைவிரல் நுழையவில்லை.

அந்தப் பக்கத்தில் இன்றும் இருப்பது இவ்வளவுதான்: 612. அடைக்கப்பட்டது, காலை 8.10. உள்ளே முயல் இல்லை. சரிபார்த்தவர், வேலிப் பணியாள்.